வாத்துக் கால் வாங்கும்போது

செருப்பு வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்காரர் எடுத்துப் போடும் பத்து ஜோடியில் நிறம் பார்த்து ஒன்றைப் பொறுக்குகிறோம். காலை நுழைத்து நாலடி நடந்து பார்க்கிறோம். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறோம். கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவிக் கொள்ளலாம் என்ற தைரியத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

கடித்தால் எண்ணெய் தடவ வழியில்லாத செருப்பு ஒன்று உண்டு. இருபது மீட்டர் ஆழத்தில், பனிக்கட்டி போல் ஜில்லென்ற தண்ணீருக்குள், அது காலைக் கடித்தாலும் ஆபத்து. காலை விட்டுக் கழன்று போனாலும் ஆபத்து. அந்தச் செருப்பைப் பற்றித்தான் சிவகாசியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்.

அவருடைய மகள் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க ஸ்காட்லாந்து போயிருக்கிறாள். அங்கே முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். இரவல் வாங்கிய ஃபின் பொருந்தாமல் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டதால், சொந்தமாக ஒரு ஜோடி வாங்க வேண்டுமென்று மகள் கேட்டிருக்கிறாள். ஃபின் என்றால், முக்குளிப்பவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும், வாத்தின் பாதம் போல் அகன்ற துடுப்பு. நாம் கால்துடுப்பு என்றே சொல்லிக்கொள்வோம்.

மகள் கைப்பேசியில் மூன்று படங்களை அனுப்பினாளாம். தாயார் எழுதுகிறார்: “முதல் படத்தில் இருப்பது ரோஜா நிறம், வெகு லேசு, பாதம் முழுவதையும் மூடுகிறது. இரண்டாவது, நம் முழங்கைக்கு இரண்டு பங்கு நீளம். மூன்றாவது கன்னங்கரேலென்று, லாரி டயரை வெட்டி எடுத்தது மாதிரி இருக்கிறது, கனமும் அதிகமாம். மகள் அந்த மூன்றாவதைத்தான் கேட்கிறாள். பெண்பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு கனம்? ரோஜா நிறத்தையே வாங்கித் தீபாவளிக்கு இங்கிருந்து அனுப்பி வைக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?”

கடிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி: “இந்தக் கடல் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?”

பெரிய கேள்வியைப் பொடி எழுத்தில் எழுதுவது தாய்மார்களின் வழக்கம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வாத்துக் கால்.

சிவகாசிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சில நேயர்கள் கேட்கலாம். 1985-இல் விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரையில், சிவகாசியும் ராமேசுவரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. மாவட்டத்தின் ஒரு கோடியில் பட்டாசு சுற்றினார்கள். மறு கோடியில் சங்கு குளித்தார்கள்.

அந்தக் கரையில் முக்குளிப்பவர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் கால்துடுப்பு கிடையாது. முத்துக் குளிப்பவர், கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு சர்ரென்று அடிமட்டத்துக்கு இறங்குவார். கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். தங்கை விதவையாகக் கூடாதே என்ற கவலை அவருக்குத்தானே அதிகம்! இந்தியக் கரையில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷம் தூத்துக்குடியில் நடந்ததோடு நின்று போயிற்று. சங்கு குளிப்பவர்கள் பின்னாளில் முகக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். தகட்டைத் துடுப்பாக வெட்டிக் காலில் கட்டிக்கொள்வதும் உண்டு. ராமநாதபுரம் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டையும், கண்ணுக்கு நீர்க்கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பாறை அறுக்காமல் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு கடலில் இறங்குகிறார்கள். கடை எதுவும் இவர்களுக்காகச் சாமான் செய்து வைக்கவில்லை. தங்கள் கடலுக்கு எது வேண்டுமோ அதைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள்.

கால்துடுப்பு என்னும் யோசனை மேல்நாட்டிலும் சட்டென்று பிறந்துவிடவில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், பதினெட்டாம் நூற்றாண்டில், சிறுபிள்ளையாக இருந்தபோது கையில் மரப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நீந்திப் பார்த்தார். காலிலும் ஏதோ கட்டிப் பார்த்தார். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. ரப்பர்க் கால்துடுப்புக்கு பிரான்சில் லூயி த கோர்லியூ என்பவர் 1933-இல் காப்புரிமை பெற்றார். 1940 வாக்கில் ஓவன் சர்ச்சில் என்பவர் அதை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்.

மன்னார் வளைகுடாவுக்கும் ஸ்காட்லாந்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் குளிர். நம் கடல் பெரும்பாலும் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கடல் நடுக்கோடையிலேயே சுமார் 13, 14 டிகிரிதான். குளிர்காலத்தில் ஏழு டிகிரி வரைக்கும் இறங்கிவிடும். அதோடு, காற்றைவிடத் தண்ணீர் நம் உடம்புச் சூட்டைச் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சிவிடுகிறது. அதனால் அங்கே முக்குளிப்பவர்கள் ‘டிரை சூட்’ என்னும் உலர் உடை போட்டுக்கொள்கிறார்கள். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்ற பாறைப் பிளவில் வருஷம் முழுவதும் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். உலர் உடை இல்லாமல் அங்கே முக்குளிக்க விடமாட்டார்கள்.

உலர் உடை என்பது, தலையும் கையும் மட்டும் வெளியே தெரியும்படி, தண்ணீர் புகாமல் தைத்த ஒரு பை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர்ப் பட்டி இறுகப் பிடித்திருக்கும். காலில் பூட்ஸ் உடையோடு ஒட்டியே இருக்கும். சில உடைகளில் காலுறை மட்டும் ஒட்டியிருக்க, மேலே தனி பூட்ஸ் போட்டுக்கொள்வார்கள். உள்ளே கம்பளி மாதிரியான கனத்த உள்ளாடை. ஆழத்தில் தண்ணீர் உடையை நெரிக்குமாதலால், மார்பில் உள்ள குமிழை அழுத்தி உருளையிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விடுவார்கள். அதை வெளியேற்றும் வால்வு பெரும்பாலும் இடது தோள்பக்கத்தில் இருக்கும்.

கஷ்டம் இங்கேதான் ஆரம்பம். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்த முனை உயர்கிறதோ அந்த முனைக்குக் காற்றுக் குமிழி ஓடும். உலர் உடைக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். தோள் உயர்ந்திருந்தால் காற்று தோளுக்குப் போகும். வால்வு வழியாக வெளியேறும். கால் உயர்ந்துவிட்டால் காற்றெல்லாம் காலுக்கு ஓடிவிடும். அங்கே வால்வு கிடையாது. பூட்ஸ் பலூன் மாதிரி உப்பும், பாதம் அதிலிருந்து நழுவும், கால்துடுப்பு கழன்றுவிடும். துடுப்பு போனபின் நிமிர்ந்து கொள்வது எப்படி? தலை கீழாக, கால் மேலாக, ஆள் மேலே கிளம்பிவிடுவார். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு படி இருக்கும் காற்று, மேலே வருவதற்குள் இரண்டு படியாகப் பெருகும். பெருகப் பெருக வேகமும் கூடும். நிமிஷத்துக்கு ஒன்பது, பத்து மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது முக்குளிப்போரின் பாலபாடம். அதை மீறினால் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் கேடு.

அம்மா, இப்போது உங்கள் மூன்று படங்களையும் எடுத்துக்கொள்வோம்.

ரோஜா நிறம் கூடாது. நிறத்தில் குற்றமில்லை. பாதம் முழுவதையும் மூடும் துடுப்பு, வெறுங்காலில் மாட்டுவதற்கென்று செய்தது. வெதுவெதுப்பான கடலுக்கு ஏற்றது. உலர் உடையின் பருத்த பூட்ஸ் அதற்குள் நுழையவே நுழையாது. குதிகால் திறந்து, பின்னால் பட்டை போட்டு இறுக்கும் துடுப்புத்தான் வேண்டும்.

நீளமானதும் கூடாது. அது மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே வீச்சில் ஆழத்துக்குப் போய் வருபவர்கள் உபயோகிப்பது. சேற்றையும் பாறையையும் ஒட்டி மெல்ல நகர்ந்து, நண்டையும் நட்சத்திர மீனையும் எண்ண வேண்டிய பெண்ணுக்கு அந்த நீளம் இடைஞ்சல்தான். நாலு உருவை எண்ணப் போய் நாற்பது உருவைக் கலைத்துவிட்டு வருவாள்.

மூன்றாவது, அந்த லாரி டயர். குட்டை, அகலம், விறைப்பு, கனம். நடுவில் தண்ணீர் புகுந்து போகத் துவாரங்கள் வைத்த இந்த ஜாதித் துடுப்பை 1964-இல் பிரான்சில் ஜார்ஜ் பூஷாவின் கம்பெனி முதலில் வெளியிட்டது. ‘ஜெட் ஃபின்’ என்று பெயர். அந்தப் பழைய உருவத்தை இன்றைக்கும் உலர் உடைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். காரணம், நீங்கள் குறையாக எழுதிய அதே கனம்தான். கனத்த ரப்பர் தண்ணீரில் மூழ்கும். மிதக்கப் பார்க்கும் காலைக் கொஞ்சம் அமுக்கி வைக்கும். உலர் உடை உடம்பைப் பருமனாக்குவதால் தண்ணீரில் தடையும் அதிகம். வளவளவென்று வளையும் துடுப்பு அதைத் தள்ளாது. தவளை போல் காலை விரித்து உதைத்தால் அடிச்சேறு கலங்காது. அந்த உதைக்கும் குட்டையான விறைத்த துடுப்பே வசதி. நடுவில் பிளந்த துடுப்பு என்று ஒன்று விற்கிறார்கள். சாதாரணமாக உதைத்து நீந்தச் சுலபம். நின்ற இடத்தில் திரும்பவும், பின்னோக்கி நகரவும் அது அவ்வளவாகக் கைகொடுக்காது.

அதற்காகக் கனமானது எல்லாருக்கும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். காலுறை இறுக்கமாக உள்ள உடையில் காலுக்கு அதிகக் காற்று போகாது. அதோடு கனத்த துடுப்பும் சேர்ந்தால் கால் கீழே தொங்கும். ஒவ்வொரு உதைக்கும் சேறு கிளம்பும். அப்படிப்பட்டவர்களுக்கு லேசான துடுப்பே போதும். சிறிய உடல்வாகுள்ள பெண்ணுக்கு மிகவும் விறைத்த துடுப்பு கெண்டைக்காலை வருத்தவும் செய்யும். ஆகவே உங்கள் மகள் கடையில் பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். அப்படியே அவளுக்கு அனுப்பி வையுங்கள்.

முதலாவது, பாதத்தின் அளவைச் சொல்லி வாங்கக்கூடாது. பூட்ஸின் அளவுக்கு வாங்க வேண்டும். தன் உலர் உடையையே கடைக்கு எடுத்துப் போய், உள்ளே கனத்த காலுறையும் போட்டுக்கொண்டு, அதன் மேல் துடுப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் ‘பெரியது’ இன்னொரு கம்பெனியின் ‘நடுத்தரம்’ ஆக இருக்கும். வளையல் கடையில் கையைக் கொடுத்துப் பார்க்காமல் நாம் அளவை நம்புகிறோமா?

இரண்டாவது, பூட்ஸ் துடுப்பின் பைக்குள் நன்றாக உட்கார வேண்டும். விரல்களை நெரிக்கக் கூடாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், கால் விறைக்கும், சதை பிடிக்கும். தளர்ந்தால் துடுப்பு ஆடும். உதையில் பாதி வீண், கடைசியில் கழன்றும் போகும். மாட்டிக்கொண்டு உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தால், காலும் துடுப்பும் சேர்ந்து ஆட வேண்டும்.

மூன்றாவது, குதிகால் பட்டை. ரப்பர்ப் பட்டை நாளாவட்டத்தில் வெடித்து அறுந்து போகும். எஃகுச் சுருள்வில் பட்டை வெகுகாலம் உழைக்கும். பின்னால் பெரிய வளையம் இருப்பதால், கனத்த கையுறை போட்ட விரலாலும் பிடித்து இழுக்கலாம். உடைக்குள் காற்று ஆழத்தில் சுருங்கும்போதும், மேலே வரும்போது விரியும்போதும், வில்லும் கூடவே சுருங்கி விரிந்து பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். காசு கூடச் செலவானாலும் இதில் சிக்கனம் வேண்டாம்.

நான்காவது, முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது உத்தமம். நீச்சல் குளத்திலோ ஆழமில்லாத கரையிலோ, முழு உடையோடு, தரைக்குச் சமமாகப் படுத்த வாக்கில் அசையாமல் மிதந்து பார்க்க வேண்டும். கால் மேலே போகிறதா, கனமான துடுப்பு. கீழே தொங்குகிறதா, லேசானது. அசையாமல் நின்றால் அதுதான் அவளுடைய துடுப்பு. மிதக்கும் காலை அமுக்கக் கணுக்காலில் ஈயத்தைக் கட்டுவதும் உண்டு. ஆனால் ஒவ்வொரு உதைக்கும் அந்த ஈயத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். துடுப்பிலேயே அந்தக் கனம் இருந்துவிட்டால் ஒரு சாமான் மிச்சம்.

கடைசியாக, பராமரிப்பு. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். நுனி மடங்க, சுவரில் சாத்தி வைத்தால் துடுப்பு அப்படியே வளைந்து போகும்.

இதையெல்லாம் படித்தபின், தீபாவளிக்கு இங்கிருந்து வாங்கி அனுப்பும் யோசனையைக் கைவிட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன். துடுப்புக்குப் பணத்தை அனுப்புங்கள். பார்சலில் முறுக்கும் அதிரசமும் அனுப்புங்கள். அவற்றுக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பொடி எழுத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் போர்மேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், உடுப்புக்கும் உயிருக்கும் உள்ள சம்பந்தத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர் நைலான் சட்டை போடக்கூடாது. பருத்திதான் உடுக்க வேண்டும். ஆணி அடித்த செருப்புக்கு அங்கே இடமில்லை. இரும்புச் சாமானும் ஆகாது. நைலான் துணி உராய்ந்தால் பிறக்கும் மின்பொறி, நமக்கெல்லாம் மயிர்க்கூச்செறியும் வேடிக்கை. அந்த அறையிலோ அது ஒன்றே போதும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தை உங்கள் ஊர் மறக்குமா? வெடிமருந்துக்கு 2008-ஆம் வருஷத்து விதிகள் புத்தகமாக இருக்கின்றன. அவற்றில் எதையும் அழகுக்காக எழுதவில்லை. அந்த விதிகள் பிசகாமல் நடக்கும் ஆலைக்கு உங்கள் வீட்டுக்காரர் காலையில் கிளம்பும்போது, நீங்கள் கவலையோடுதான் வழியனுப்புகிறீர்கள், ஆனாலும் வழியனுப்புகிறீர்கள்.

கடலும் அப்படிப்பட்ட ஓர் அறைதான். அதற்கும் விதிகள் இருக்கின்றன. உலர் உடைக்குத் தனியாகப் பயிற்சி உண்டு. கால் மேலே போய்விட்டால் உடம்பைச் சுருட்டி, ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தலையை மேலே கொண்டு வந்து, தோள் வால்வைத் திறந்து காற்றை விடும் வித்தையை ஆசிரியர் பக்கத்தில் இருக்கப் பழக்குவார்கள். தனியாக இறங்காமல் ஒரு துணையோடு இறங்கச் சொல்வார்கள். இறங்குமுன் ஒருவர் சாமானை ஒருவர் சோதிக்க வேண்டும். தோணியில் கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனரின் வேலையை இப்போது அந்தத் துணை செய்கிறார்.

வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிடலாம். தாய்க்கு அந்த உரிமை உண்டு. ஆனால் உங்கள் மகள் ரோஜா நிறத்தை விட்டு, கறுப்பாக, கனமாக, பார்க்க அழகில்லாத ஒன்றைக் கேட்டிருக்கிறாள். நாலு பேர் பார்க்க வேண்டுமென்று கடலுக்குள் இறங்குகிற பெண் அதைக் கேட்கமாட்டாள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தி பட்டாசு ஆலை போர்மேனின் வீட்டில் வளர்ந்த புத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால் அடுத்த முறை பேசும்போது நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். “கால் மேலே போனால் நிமிர்ந்துகொள்ளும் வித்தையைப் பழகிவிட்டாயா? எத்தனை தடவை செய்து பார்த்தாய்? உன்னோடு இறங்கும் துணை யார்?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், பணத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக அதிரசத்துக்குப் பாகு காய்ச்சலாம். பதில் இழுத்தால், பழகி முடிக்கும் வரையில் ஆழத்துக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் அந்தக் கண்டிப்பை உங்கள் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் ஆலை வாசலில் சொல்லிப் பழக்கப்பட்டவர் அவர்.